பங்கில் வந்த பிரிண்டர்

சரவணம்பட்டி,
20-2-2025, வியாழன்

அனுப்புநர்: க. இனியா, சரவணம்பட்டி.
பெறுநர்: க. அன்புச்செல்வி, அன்பு பிரிண்ட்ஸ், உடுமலைப்பேட்டை.

பொருள்: பாகப்பிரிவினையில் எனக்கு வந்த பிரிண்டர் வேலை செய்யாதது தொடர்பாக.

பார்வை: 16-2-2025 ஞாயிறன்று தங்கள் வீட்டில் நடந்த பங்கு பிரிப்பும் சண்டையும்.

அம்மா,

வணக்கம். மனு எழுதும் முறையை ஆறு வருடம் தங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள் நான். அதனால் முறைப்படியே எழுதுகிறேன். தாங்கள் என் உடன்பிறந்த அக்கா என்பதை இந்த மனுவில் நான் எங்கும் குறிப்பிடப் போவதில்லை.

இருவரும் சேர்ந்து வீட்டு முன்னறையில் நடத்திவந்த டைப்பிங், பிரிண்ட் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பிரிண்டர் இரண்டு, ஒரே மாடல். ஒன்றோடு லேமினேஷன் மெஷின், இன்னொன்றோடு ஸ்பைரல் பைண்டிங் மெஷின். மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும் என்று என் அம்மா சொன்ன வழக்கப்படி தாங்கள் வைத்தீர்கள், நான் எடுத்தேன். சுவரோரம் இருந்த பிரிண்டரும் பைண்டிங் மெஷினும் எனக்கு வந்தன.

இங்கே கல்லூரிக்குப் பின்னால் ஒரு அறை பிடித்து, முன்பக்கத்தில் மேசை போட்டு, நேற்று முதல் முறையாக அந்தப் பிரிண்டரை ஆன் செய்தேன். சின்னத் திரையில் "கார்ட்ரிட்ஜ் கோளாறு" என்று வந்தது. மஞ்சள் துளி படம் விட்டு விட்டு மின்னுகிறது. ஒரு தாள்கூட வெளியே வரவில்லை. அதனால்தான் நிமிடத்துக்கு அறுபது வார்த்தை டைப் செய்கிற நான் இதைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"தனியாப் போயி மூணு மாசம் ஓட்டிக் காட்டு பாக்கலாம்" என்று ஒரம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னீர்களே, ஓடாத பிரிண்டரைக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னீர்களா? இதற்கு எழுத்துமூலம் பதில் வேண்டும். போன் செய்ய வேண்டாம், தங்கள் எண்ணை பிளாக் செய்திருக்கிறேன். எதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லி கஸ்டமர்களுக்குப் புத்தி சொல்வது தாங்கள்தானே.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. இனியா

*

உடுமலைப்பேட்டை,
22-2-2025

கண்ணு இனியா,

மனு கிடைத்தது. "பார்வை" என்ற இடத்தில் கடித எண்ணோ அரசாணை எண்ணோதான் வரும். வீட்டுச் சண்டையைப் போடக்கூடாது. ஆறு வருடம் கற்றுக்கொண்டாயே, இதைக் கற்றுக்கொள்ளவில்லையா? அப்புறம் இந்த "தாங்கள்". கோபம் வந்தால்தான் உனக்கு மரியாதை வரும். சின்ன வயதில் நான் உன் சிலேட்டை உடைத்தபோதும் நாள் முழுக்க என்னை "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிட்டாய்.

நீ கேட்டபடி எழுத்துமூலம் பதில் சொல்கிறேன். ஓடாத பிரிண்டரை நான் உனக்குக் கொடுக்கவில்லை. உன் பிரிண்டர் நின்றது எனக்குத் தெரியாது. ஏனென்றால் என் பிரிண்டரும் நின்றுபோய் ஐந்து நாளாகிறது. அதே கார்ட்ரிட்ஜ் கோளாறு, அதே மஞ்சள் துளி. நீதான் கோபத்தில் கம்ப்யூட்டரில் எதையோ அமுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பிரிண்டரையும் முதலில் செட் செய்தது நீதானே? பாஸ்வேர்டும் உன்னிடம்தானே இருக்கிறது?

நான் பங்கில் ஏமாற்றினேன் என்று நீ நினைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா தோட்டத்து வேலைக்குப் போன வீடுகளில் பங்கு பிரிப்பதை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். நம் பரம்பரையில் பிரிப்பதற்கென்று இதற்கு முன்பு ஒன்றும் இருந்ததில்லை. அதனால்தான் மாமனையும் அத்தைகளையும் கூப்பிட்டு, காபியும் மிக்சரும் கொடுத்து, பெரிய விசேஷம் மாதிரி நடத்தினாள். "எம் புள்ளைங்களுக்குப் பங்கு போட்டுக்கற அளவுக்கு இருக்குதுங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சபையில் ஒரு பொட்டு கூடக்குறைய இருந்துவிடக்கூடாது என்று சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து சமன் செய்தவள் நான். பேப்பர் கட்டைக்கூடப் பிரித்து எண்ணினேன்.

நீ என்ன சொன்னாய்? "ஆறு வருஷமா போர்டுல உங்க பேரு மட்டும்தானுங்க" என்றாய். சரிதான், என் தப்புதான். ஆனால் அதை நாம் இரண்டு பேரும் இருக்கும்போது ஒரு நாளும் சொல்லாமல், அத்தைகள் எதிரில்தான் சொல்லவேண்டுமா? அந்த ஆத்திரத்தில்தான் மூணு மாசம் என்று என் வாயில் வந்துவிட்டது.

பத்தாம் வகுப்புக் கேள்வித்தாள் வேலை கையில் இருக்கிறது. பக்கத்துத் தெரு கடையில் கெஞ்சி அடித்துக்கொண்டிருக்கிறேன். பிரிண்டருக்கு என்ன செய்யலாம் என்று எழுது. கோபத்தை அடுத்த பத்தியில் வைத்துக்கொள்.

அன்புச்செல்வி

*

சரவணம்பட்டி,
25-2-2025

அக்கா,

இரண்டு பிரிண்டரும் ஒரே நேரத்தில் நின்றிருக்கிறது என்று படித்ததும் பயந்துவிட்டேன். நான் எதையும் அமுக்கவில்லை. இதைச் சத்தியமாகத்தான் எழுதுகிறேன்.

நான் செய்து பார்த்ததை எழுதுகிறேன். நீயும் செய்து பார். முதலில் பிரிண்டரை ஆஃப் செய்து, வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பத்து நிமிடம் அப்படியே விட்டேன். பிறகு மூடியைத் திறந்து நான்கு கார்ட்ரிட்ஜையும் கழற்றினேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் செம்புப் புள்ளிகள் இருக்கின்றன இல்லையா, அதைக் கண்ணாடி துடைக்கிற துணியால் மெல்லத் துடைத்தேன். உன் முந்தானையால் துடைக்காதே, நூல் ஒட்டிக்கொள்ளும். துடைத்துவிட்டு "டக்" என்று சத்தம் வருகிற வரை அழுத்திப் பொருத்தினேன். அதற்கும் மசியவில்லை. கம்ப்யூட்டரில் பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன். அதற்கும் மசியவில்லை. கடைசியில் ஒரு சர்வீஸ்காரர் வந்து, உட்காராமலே பார்த்துவிட்டு, "போர்டு போச்சுங்க அம்மணி, புதுசு வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதிதாக வாங்க இப்போது முடியாது. அறைக்கு அட்வான்ஸ் கொடுத்ததோடு கை காலி.

நஸ்ரியா என்று ஒரு பெண், இறுதியாண்டு படிக்கிறாள், நான் தங்கியிருக்கும் தெருவிலேயே ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் வகுப்பில் பதினான்கு பேருடைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எனக்குப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொன்றும் ஐம்பது பக்கம், படங்களெல்லாம் கலர். மார்ச் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை மாலைக்குள் பைண்ட் செய்து கொடுக்க வேண்டும். இது என்னுடைய முதல் வேலை. இதை வேறு கடையில் கொடுத்து அடித்தால் அடுத்த தடவை நேராக அந்தக் கடைக்கே போய்விடுவார்கள். இதைச் செய்து கொடுத்தால் அந்த டிபார்ட்மென்ட் முழுக்க என்னைத் தெரிந்துகொள்ளும். கொடுக்காவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு, பைண்டிங் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உடுமலை பஸ் ஏற வேண்டியதுதான்.

அப்படி வந்தால் நீ ஒன்றும் சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். தட்டில் சோறு போட்டு வைப்பாய். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இனியா

*

உடுமலைப்பேட்டை,
1-3-2025

இனியா கண்ணு,

உன் பிரிண்டருக்குப் போர்டு போகவில்லை. என்னுடையதற்கும் போகவில்லை.

தேங்காய் மண்டி ராமுலு மூட்டைக்கு ஒட்டுகிற லேபிள் அடிக்க வந்திருந்தார். பிரிண்டர் ஓடவில்லை என்று சொன்னேன். அவர் போகவில்லை. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பொழுது போகாமல் அந்தச் சின்னத் திரையை நோண்டிக்கொண்டிருந்தார். "ஏனுங்க அம்மணி, இதுல கீழ இன்னும் என்னமோ எழுதியிருக்குதுங்களே, படிச்சீங்களா?" என்றார். ஓரத்தில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கிறது. அதை அமுக்கினால் மீதி வரிகள் வருகின்றன. நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, உன் சர்வீஸ்காரரும் பார்க்கவில்லை. தேங்காய் விற்கிறவர் பார்த்தார்.

நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "மஞ்சள் இடத்தில் உள்ள கார்ட்ரிட்ஜ் பாதுகாக்கப்பட்டது. இது வேறொரு பிரிண்டருக்கு உரியது. இந்தப் பிரிண்டரில் வேலை செய்யாது" என்று இருந்தது.

படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. செய்தது நான்தான்.

சனிக்கிழமை சமன் செய்தேன் என்று எழுதினேன் இல்லையா? ஜன்னலோரப் பிரிண்டரில் அதற்கு முந்தின வாரம்தான் புதுக் கறுப்பும் புது மஞ்சளும் போட்டிருந்தோம். சுவரோரப் பிரிண்டரில் அந்த இரண்டும் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. நீ எதை எடுப்பாய் என்று எனக்குத் தெரியாது. சுவரோரத்தை எடுத்தால் உனக்கு நஷ்டம், ஜன்னலோரத்தை எடுத்தால் எனக்கு நஷ்டம். அதனால் புது மஞ்சளைக் கழற்றி சுவரோரத்தில் போட்டேன். அங்கிருந்த பழைய மஞ்சளை இங்கே போட்டேன். இப்போது ஆளுக்கு ஒரு புதுசு, ஒரு பழசு. பார்த்துப் பார்த்துச் செய்துபோட்டேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. ஆன் செய்து பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. பங்கு வைத்த பொருளைத் திரும்பத் தொடக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

உன் மஞ்சள் என்னிடம் இருக்கிறது, என் மஞ்சள் உன்னிடம் இருக்கிறது. மாற்றிக்கொண்டால் இரண்டும் ஓடும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரே மாடல் பிரிண்டர், ஒரே கடையில் வாங்கிய மை. இது யாருக்கு உரியது என்று அந்தப் பெட்டிக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அன்புச்செல்வி

*

சரவணம்பட்டி,
3-3-2025, திங்கள்

அக்கா,

சொல்லிக் கொடுத்தது நான்தான்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஞாபகம் வந்தது. போன வருடம் இரண்டு பிரிண்டரையும் செட் செய்தபோது கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெட்டி வந்தது. "உங்கள் கார்ட்ரிட்ஜ்களைப் பாதுகாக்கவா?" என்று கேட்டது. பாதுகாப்பதென்றால் நல்லதுதானே என்று இரண்டிலும் "ஆம்" கொடுத்தேன். அதன் அர்த்தத்தை இன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். அதைக் கொடுத்துவிட்டால் ஒரு பிரிண்டரில் போட்ட கார்ட்ரிட்ஜ் கடைசிச் சொட்டு வரை அந்தப் பிரிண்டருக்கு மட்டும்தானாம். திருடிக்கொண்டு போய் வேறு எதில் போட்டாலும் ஓடாதாம். கொடுத்த "ஆம்" என்பதைப் பிறகு மாற்றவும் முடியாதாம். நம் முன்னறைக்கு வந்து மை திருடப் போகிறவன் எவன் என்று அன்றைக்கு நான் யோசித்திருக்கவேண்டும்.

நான் பூட்டினேன், நீ மாற்றினாய். இதில் ஏதாவது ஒன்று நடக்காமல் இருந்திருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. உன்னை ஏமாற்றுக்காரி மாதிரி நினைத்து எழுதியதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்குக் குறைந்துவிடக்கூடாது என்று நீ சனிக்கிழமை மை டப்பாவைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறாய். நான் அதே சனிக்கிழமை மாடியில் உட்கார்ந்து, மறுநாள் சபையில் உன்னை என்ன கேட்கலாம் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

புது மஞ்சளுக்கு இங்கே நாலு கடையில் கேட்டுவிட்டேன். இந்த மாடலுக்கு ஸ்டாக் இல்லை என்கிறார்கள். ஆன்லைனில் எட்டாம் தேதிதான் வருமாம். கூரியரில் அனுப்பவும் பயமாக இருக்கிறது. திறந்த கார்ட்ரிட்ஜ், தலைகீழாகப் போட்டு உருட்டிக்கொண்டு வந்தால் மை முழுக்க ஒழுகிவிடும். புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வாரேன். நீயும் வந்துவிடு, இருவருக்கும் நடுவில் இருக்கிற ஊர் அதுதான். கார்ட்ரிட்ஜ் வாயில் டேப் ஒட்டி, சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாய் மேலே பார்க்கிற மாதிரி கையிலேயே பிடித்துக்கொண்டு வா. செம்புப் புள்ளியில் விரல் படக்கூடாது. பஸ்ஸில் தூங்கிவிடாதே.

உடனே திரும்பவேண்டும். பதினான்கு ரிப்போர்ட்டுக்கும் எனக்கு இரண்டரை நாள்தான் இருக்கிறது.

இனியா

*

உடுமலைப்பேட்டை,
6-3-2025

கண்ணு,

நேற்று மத்தியானம் வந்து உன் கவரைப் பிரித்து, என் மஞ்சளைப் போட்டேன். மஞ்சள் துளி மின்னுவது நின்றுவிட்டது. முதல் தாள் வந்ததும் அம்மா அதைக் கையில் வாங்கி, ஏதோ பேரன் பிறந்த மாதிரி பார்த்தாள். உன்னுடையதும் இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் நாம் ஏழு நிமிடம் நின்றோம். கார்ட்ரிட்ஜ் பற்றி மட்டும்தான் பேசினோம். நீ மெலிந்திருக்கிறாய் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. நீ என் கையைப் பிடித்து மஞ்சள் கறையைப் பார்த்துவிட்டு, "ஒழுகிருச்சாக்கா?" என்றாய். ஒழுகவில்லை. டேப் ஒட்டும்போது பட்டது. அதற்குள் உன் பஸ் நகர்ந்துவிட்டது.

ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராமுலு அந்த அம்புக்குறியை அமுக்கியது வியாழக்கிழமை. நான் உனக்கு எழுதியது சனிக்கிழமை.

நடுவில் இரண்டு நாள் எனக்கு எல்லாம் தெரியும். பேனாவை எடுத்தேன், வைத்தேன். உன் முந்தைய கடிதத்தில் ஒரு வரி இருந்ததே, உடுமலை பஸ் ஏறவேண்டியதுதான் என்று, அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நான் எழுதாவிட்டால் நீ வந்துவிடுவாய். பைண்டிங் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்து, பழைய நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாய். நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சோறு போடுவேன். நீ எழுதியது சரிதான். அந்த இரண்டு நாளும் நான் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். நீ தோற்றுப்போய் வரவேண்டும் என்று உன் அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் அம்மா, "சின்னவ பிரிண்டரு சரியாப் போச்சாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அவ இத்தன வருசத்துல இது வேணும்னு வாயத் தொறந்து கேட்டது சரவணம்பட்டில அந்த ஒரு ரூமைத்தான்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்புறம்தான் எழுதினேன்.

உன் இரண்டரை நாள் நாலரை நாளாக இருந்திருக்கவேண்டும். அந்த இரண்டு நாளை நான் எடுத்துக்கொண்டேன். நாளைக்கு நீ ரிப்போர்ட்டைக் கொடுக்க முடியாமல் போனால் அதற்குப் பிரிண்டர் காரணமில்லை, நான்தான் காரணம். என்னை மன்னித்துவிடு. நீ திரும்பி வரவேண்டாம். எனக்கு நீ அங்கேயே இருக்கவேண்டும்.

அன்புச்செல்வி

*

சரவணம்பட்டி,
8-3-2025

அக்கா,

பதினான்கையும் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு. கடைசி இரண்டு ரிப்போர்ட்டின் கம்பியை நஸ்ரியாவே உட்கார்ந்து சுற்றினாள். பன்னிரண்டாவது ரிப்போர்ட்டில் கறுப்பு தீர்ந்துவிடுமோ என்று பயந்தேன். தீரவில்லை. மஞ்சள் கொஞ்சம் மங்கல்தான், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் துறைத் தலைவர் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்கே செய்தது என்று கேட்டாராம். இன்று காலையில் இன்னும் ஆறு பேர் பென் டிரைவோடு வாசலில் நிற்கிறார்கள். அவர்களைக் காக்கவைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அதில் ஒரு பெண் தமிழ் முதுகலை. ஆய்வேட்டைக் கையால் எழுதி வைத்திருக்கிறாள், நூற்றிருபது பக்கம். தமிழ் டைப்பிங்கில் உன் வேகம் எனக்கு வராது, உன் மாதிரி ஒற்றுப்பிழை பார்க்கவும் தெரியாது. அதனால் அதை உனக்கு அனுப்புகிறேன். பங்கு கிங்கு என்று எதுவும் கிளப்பாதே. நான் கஸ்டமர், நீ உன் ரேட்டைச் சொல். தாமதமானால் கேட்பேன்.

அந்த இரண்டு நாளுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை நான் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். கடிதத்தைக் கசக்கி மேசைக்கு அடியில் போட்டேன். இன்று காலையில் எடுத்து, நீவி, மறுபடியும் படித்தேன்.

ஆறு வருடம் ஒரே அறையில் முதுகுக்கு முதுகு உட்கார்ந்திருந்தோம். "பேப்பர் எடு" என்பாய், "மார்ஜின் சரியில்லை" என்பாய். நான் எழுந்து போனால் அந்த நாற்காலியில் வேறொரு ஆளை உட்காரவைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாய் என்றுதான் நினைத்திருந்தேன். போர்டில் என் பெயர் இல்லாததுகூட எனக்குப் பெரிதில்லை அக்கா. நான் அங்கே இருப்பதும் இல்லாததும் உனக்கு ஒன்றுதான் என்பதுதான் வலித்தது. நீயோ என்னை விட மனசில்லாமல் இரண்டு நாள் கெட்டவளாக இருந்திருக்கிறாய். இதை நீ ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் சரவணம்பட்டிக்கே வந்திருக்கமாட்டேன். சொல்லாததும் நல்லதாகப் போயிற்று. எனக்கு இந்த அறை பிடித்திருக்கிறது.

அதனால் மன்னிப்பெல்லாம் இல்லை. அந்த இரண்டு நாளும் என்னுடையது, நான் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாரேன். பையில் மாற்றுத்துணி இருக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். ஒரம்பரையாக வருகிறவளுக்கு என்ன செய்யவேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும், கோழி அடிக்கச் சொல். பஸ் ஸ்டாண்டு வரை நீதான் கொண்டுவந்து விடவேண்டும். கொஞ்சம் முன்னாடியே கிளம்பலாம், ஏழு நிமிடம் போதவில்லை.

இனியா